கீழாநெல்லியும் கல்லீரலும்

ஐப்பசியில் இரண்டு உழவு மழை பெய்து ஓய்ந்தபின் சாத்தூர், அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் காடுகளில் நடந்து பாருங்கள். பருத்திச் செடிகளுக்கு இடையிலும் வரப்போரத்திலும் ஒரு சாண் முதல் இரண்டு சாண் உயரம் வரை வளர்ந்த ஒரு சிறு செடியைக் காண்பீர்கள். புளிய இலையைப் போன்ற சிற்றிலைகள் மெல்லிய கிளைகளில் இரு வரிசையாக அமைந்திருக்கும். ஒரு கிளையைத் திருப்பினால், கடுகைவிடச் சற்றே பெரிய பச்சைக் காய்கள் இலைகளுக்குக் கீழே வரிசையாகத் தொங்குவது தெரியும். காய்கள் கீழே இருப்பதால் அதற்குக் கீழாநெல்லி என்று பெயர். உழவர் இதைக் களை என்று பிடுங்கி எறிவார். அவரே வீட்டில் ஒருவருக்கு மஞ்சள் காமாலை வந்தால் இதைத் தேடி அலைவார்.

இந்தச் சிறு செடி சென்னையிலும் பிலடெல்பியாவிலும் நியூயார்க்கிலும் ஆராய்ச்சிக் கூடங்களுக்குள் நுழைந்தது. அது அங்கே போன கதையையும், அங்கிருந்து நமக்குக் கிடைத்த பாடத்தையும் இக்கட்டுரையில் காண்போம்.

ஒரு வீட்டில் நடந்தது

இப்படி ஒரு காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். சிவகாசிக்கு அருகில் ஓர் ஊர். தாய் தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்கிறார். எட்டாம் வகுப்பில் படிக்கும் மகளுக்கு நான்கு நாட்களாகக் காய்ச்சல். சோற்றைக் கண்டாலே குமட்டுகிறது. ஐந்தாம் நாள் காலையில் அம்மாச்சி அவள் முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறார்.

"கண்ணைக் காட்டு தாயி. இது காமாலைதான். கீழாநெல்லி அரைச்சுத் தாரேன். மோர்ல கலக்கி வெறும் வயித்துல குடிச்சிரு."

சிறுமி குடிக்கிறாள். எண்ணெய்ப் பலகாரம் இல்லாத பத்தியச் சாப்பாடு. மூன்று வாரத்தில் கண்ணின் மஞ்சள் மறைகிறது, பசி திரும்புகிறது. கீழாநெல்லிதான் குணமாக்கியது என்று வீட்டார் நம்புகிறார்கள். மருந்து கொடுத்ததையும் அவர்கள் கண்டார்கள். நோய் நீங்கியதையும் கண்டார்கள். வேறு எப்படி நினைப்பார்கள்?

ஆனால் விஞ்ஞானம் இங்கே ஒரு கேள்வியைக் கேட்கிறது: அந்தச் சிறுமி கீழாநெல்லியைக் குடிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதற்கு அந்த வீட்டிலிருந்து விடை கிடைக்காது. ஏனெனில் குடித்த சிறுமி ஒருத்திதான் அங்கே இருக்கிறாள். குடிக்காத சிறுமி இல்லை. இந்த ஒரு கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மஞ்சள் எங்கிருந்து வருகிறது?

வலப்பக்க விலா எலும்புகளுக்கு அடியில், உதரவிதானத்தை ஒட்டி அமைந்திருப்பது கல்லீரல். வளர்ந்த மனிதரில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ளது. உடலின் உள்ளுறுப்புகளில் இதுவே பெரியது. மற்ற உறுப்புகளில் பெரும்பாலானவற்றுக்குத் தமனி வழியாக மட்டுமே இரத்தம் வருகிறது. கல்லீரலுக்கோ இரண்டு வழிகள். இதயத்திலிருந்து வரும் தமனி ஒன்று. குடலிலிருந்து உணவுச் சத்துகளைச் சுமந்துவரும் போர்ட்டல் சிரை மற்றொன்று. கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் முக்கால் பங்கு இந்தச் சிரையின் வழியே வருகிறது. நாம் உண்டவற்றில் பெரும்பாலானவை முதலில் கல்லீரலின் சோதனைச் சாவடியைக் கடந்தே மற்ற இடங்களுக்குப் போகவேண்டும்.

சர்க்கரையைக் கிளைக்கோஜனாகச் சேமித்து வைப்பது, பசிக்கும் நேரத்தில் அதைத் திருப்பித் தருவது, இரத்தம் உறைவதற்கான புரதங்களையும் ஆல்புமின் என்ற புரதத்தையும் தயாரிப்பது, நச்சுப் பொருள்களை மாற்றி வெளியேற்றுவது, பித்தநீரைச் சுரப்பது ஆகியவை இதன் வேலைகளில் சில. 

நம் இரத்தச் சிவப்பணு ஒன்றின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள். முதிர்ந்த அணுக்கள் சிதையும்போது அவற்றின் ஹீமோகுளோபினிலிருந்து பிலிரூபின் என்ற மஞ்சள் பொருள் உண்டாகிறது. இதைப் பிடித்து, நீரில் கரையும்படி மாற்றி, பித்தநீரோடு குடலுக்கு அனுப்புவது கல்லீரலின் பொறுப்பு. கல்லீரல் நலிந்தால் பிலிரூபின் இரத்தத்தில் தேங்கும். கண்ணின் வெண்பகுதியிலும் தோலிலும் அது படியும். இதுவே மஞ்சள் காமாலை. ஆக, காமாலை என்பது தனி நோயன்று. கல்லீரல் பக்கமோ, பித்த நாளத்திலோ, இரத்தத்திலோ ஏதோ கோளாறு என்று அறிவிக்கும் அடையாளம்.

கல்லீரலுக்கு மற்றுமொரு வியப்பான ஆற்றல் உண்டு. எலியின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்துவிட்டால், எஞ்சிய பங்கு வளர்ந்து ஓரிரு வாரங்களில் பழைய எடையை எட்டிவிடும். இதை 1931ஆம் ஆண்டிலேயே சோதனை செய்து காட்டினார்கள். கேடு நின்றுவிட்டால் கல்லீரல் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் என்பதை நினைவில் வையுங்கள். நம் கதைக்கு இது தேவை.

ஐந்து வைரஸ்கள்

கல்லீரல் அழற்சிக்கு ஹெபடைட்டிஸ் என்று பெயர். இதை உண்டாக்கும் முக்கிய வைரஸ்கள் ஐந்து: ஏ, பி, சி, டி, இ. இவற்றுள் ஏ, இ ஆகிய இரண்டும் அசுத்தமான குடிநீராலும் உணவாலும் பரவுபவை. பள்ளிப் பிள்ளைகளுக்கு வரும் காமாலை பெரும்பாலும் ஏ வகையைச் சேர்ந்தது. இது காய்ச்சலோடு வரும், மஞ்சளைக் காட்டும், சில வாரங்களில் பெரும்பாலோருக்குத் தானே நீங்கிவிடும். உடலின் எதிர்ப்புச் சக்தி வைரஸை விரட்டிவிட, கல்லீரல் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. நம் சிறுமிக்கு வந்தது இதுவாக இருந்தால், கீழாநெல்லி குடித்தாலும், மோரை மட்டும் குடித்தாலும் அவள் எழுந்து நடந்திருப்பாள்.

பி வகை வேறு மாதிரி. இது நீரால் பரவாது. இரத்தத்தாலும், உடல் திரவங்களாலும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவும். வளர்ந்தவர் ஒருவருக்கு இது தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டோர் வைரஸை வென்றுவிடுகிறார்கள். ஆனால் பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் நூற்றுக்கு ஏறத்தாழத் தொண்ணூறு பேரின் உடலில் வைரஸ் நிலையாகத் தங்கிவிடுகிறது. காய்ச்சல் இல்லை, மஞ்சள் இல்லை, வலியும் இல்லை. இருபது முப்பது ஆண்டுகள் ஓசையின்றி இருந்துவிட்டு, பிறகு சிலருக்குக் கல்லீரல் இறுக்க நோயாகவோ புற்றுநோயாகவோ அது வெளிப்படுகிறது. 2022ஆம் ஆண்டில் உலகில் 25 கோடிக்கு மேற்பட்டோர் இந்த வைரஸோடு வாழ்ந்தார்கள் என்றும், அவர்களுள் ஏறத்தாழ 3 கோடிப் பேர் இந்தியர்கள் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

இந்த வைரஸைக் கண்டறிந்த வரலாறு சுவையானது. அமெரிக்க அறிஞர் பரூக் பிளம்பெர்க், மனித இனங்களிடையே இரத்தப் புரதங்கள் எப்படி மாறுபடுகின்றன என்று ஆராய்ந்து கொண்டிருந்தார். ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் இரத்தத்தில் புதிய பொருள் ஒன்றைக் கண்டார். 1965இல் அதை உலகுக்கு அறிவித்தார். 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று அதற்குப் பெயரிட்டார்கள். அது பி வைரஸின் மேலுறைப் புரதமே என்பது பின்னால் தெளிவாயிற்று. ஒருவர் இரத்தத்தில் அப்புரதம் இருந்தால் அவர் உடலில் வைரஸ் இருக்கிறது என்று பொருள். பிளம்பெர்க்குக்கு 1976இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த ஜூலை 28ஆம் நாளே இன்று உலக ஹெபடைட்டிஸ் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

தரமணியில் தொடங்கிய ஆராய்ச்சி

சென்னைத் தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் ஏ. எல். முதலியார் முதுநிலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனம் இருக்கிறது. அங்கே நுண்ணுயிரியல் துறையில் பணிபுரிந்த டாக்டர் எஸ். பி. தியாகராஜனும் அவர் குழுவினரும் நம் ஊர்க் காமாலை மூலிகைகளைச் சோதனைக் குழாயில் ஆராய்ந்தார்கள். கீழாநெல்லியும் கரிசலாங்கண்ணியும் பி வைரஸின் மேலுறைப் புரதத்தைச் செயலிழக்கச் செய்கின்றன என்று 1982இல் வெளியிட்டார்கள்.

பிளம்பெர்க்கின் பிலடெல்பியா ஆய்வுக் கூடமும் இதில் ஆர்வம் கொண்டது. வுட்சக் என்பது வட அமெரிக்காவில் வளை தோண்டி வாழும் கொறிவிலங்கு. மனிதரின் பி வைரஸுக்கு நெருங்கிய உறவுள்ள வைரஸ் ஒன்று அதைத் தாக்குகிறது. கீழாநெல்லிச் சாறு இவ்விரு வைரஸ்களும் பெருகத் தேவையான நொதியைத் தடுப்பதாக 1987இல் பிளம்பெர்க் குழுவினர் எழுதினார்கள்.

இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தையும் சொல்லவேண்டும். அதுவரை கீழாநெல்லிக்கு 'பில்லாந்தஸ் நிரூரி' என்ற தாவரவியல் பெயரையே எழுதிவந்தார்கள். உண்மையான நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி. நம் நிலங்களில் பரவலாகக் காணப்படுவது 'பில்லாந்தஸ் அமாரஸ்'. இரண்டும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். செடியின் பெயரைத் தவறாக எழுதினால், அதே சோதனையை வேறு நாட்டில் செய்பவர் வேறு செடியைப் பறித்துவிடக் கூடும் அல்லவா? தாவர வகைப்பாடு வெறும் மனப்பாடப் பாடம் அன்று என்பதற்கு இது நல்ல சான்று.

1988இல் தியாகராஜனும் பிளம்பெர்க்கும் சகாக்களும் 'லான்செட்' என்ற புகழ்பெற்ற மருத்துவ இதழில் ஒரு முதல்நிலை ஆய்வை வெளியிட்டார்கள். பி வைரஸை உடலில் தாங்கியிருந்தவர்களை இரு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவினருக்குக் கீழாநெல்லிப் பொடி 200 மில்லிகிராம், நாள்தோறும் மூன்று வேளை, 30 நாட்கள். மற்றக் குழுவினருக்கு மூலிகை கலவாத வெற்று மருந்து. அம்மாச்சியின் வீட்டில் இல்லாத அந்த 'குடிக்காத சிறுமி' இங்கே வந்துவிட்டாள் என்பதைக் கவனியுங்கள். ஒப்பீட்டுக் குழு என்பது இதுதான்.

முடிவு என்ன? மூலிகை உண்டவர்களில் சோதிக்கப்பட்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து மேலுறைப் புரதம் மறைந்துவிட்டது. அதாவது நூற்றுக்கு 59. வெற்று மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. அதாவது நூற்றுக்கு 4. சிலரை ஒன்பது மாதம் வரை தொடர்ந்து பார்த்தும் அது திரும்பவில்லை. சாதாரணமாக நிலைத்த தொற்று உள்ளவர்களில் ஆண்டுக்கு நூற்றில் ஒருவர் அளவிலேயே இது தானாக மறையும். ஆகவே உலகமே இந்தச் செடியைத் திரும்பிப் பார்த்தது.

மற்றவர்கள் செய்து பார்த்தபோது

ஓர் ஆய்வு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது தனியாக நிற்க முடியாது. வேறு கைகள், வேறு ஊரில், அதே முறையில் செய்து அதே முடிவைக் காணவேண்டும். தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள். 1990இல் அறிக்கை வந்தது. மேலுறைப் புரதம் மறையவில்லை. நெதர்லாந்தில் பார்த்தார்கள், நன்மை உறுதியாகவில்லை. நியூசிலாந்தில் பார்த்தார்கள், 1994இல் வந்த விடையும் அதுவே. பிற்காலத்தில் 16 ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிப் பரிசீலித்த ஒரு குழு 2011இல் கூறியது இது: வெற்று மருந்தோடு ஒப்பிடும்போது கீழாநெல்லி இனச் செடிகள் நிலைத்த பி தொற்றுக்குப் பயன் தருகின்றன என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை, வைரஸ் எதிர்ப்பு மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால் கூடுதல் பயன் இருக்கலாம், ஆனால் அதை நிலைநாட்டப் பெரிய, பிழையற்ற ஆய்வுகள் வேண்டும்.

படிக்கும் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். நமது மண்ணின் செடி, நமது பல்கலைக்கழகம், நோபல் அறிஞர், லான்செட் இதழ்! இருந்தும் முடிவு நிலைக்கவில்லை. இதனால் முதல் ஆய்வைச் செய்தவர்கள் தவறிழைத்தார்கள் என்று ஆகாது. அவர்களே அதை முதல்நிலை ஆய்வு என்றுதான் அழைத்தார்கள். தொடர்ந்து ஆராய வேண்டும் என்றும் எழுதினார்கள். 37 பேர், 23 பேர் என்பவை சிறிய எண்ணிக்கைகள். எண்ணிக்கை சிறிதாக இருக்கும்போது தற்செயலும் குழுக்களுக்கிடையே உள்ள வேறுபாடும் முடிவைச் சாய்த்துவிட முடியும். செடி வளர்ந்த மண், பறித்த பருவம், உலர்த்திய முறை, நோயாளிகளுக்குத் தொற்று ஏற்பட்ட காலம் ஆகியவையும் இடத்துக்கு இடம் மாறும். 

ஆயினும் ஒரு புதிர் எஞ்சியது. சோதனைக் குழாயில் கீழாநெல்லி வைரஸை ஏதோ செய்கிறது. அது என்ன? இந்தப் புதிரை விடுவிக்கக் கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் போகவேண்டும்.

திரியும் மருந்தும்

உங்கள் கண்ணிலுள்ள செல்லிலும், தோலிலுள்ள செல்லிலும், கல்லீரலிலுள்ள செல்லிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ. தொகுதிதான். புரதம் தயாரிக்கும் மரபணுக்கள் அதில் ஏறத்தாழ 20,000 இருக்கின்றன. ஆல்புமின் தயாரிக்கும் மரபணு தோல் செல்லிலும் இருக்கிறது. ஆனால் தோல் ஆல்புமின் தயாரிப்பதில்லை, கல்லீரல் தயாரிக்கிறது. ஏன்?

சிவகாசிப் பட்டாசை எடுத்துக்கொள்வோம். காகிதச் சுருளுக்குள் மருந்து முழுவதும் அடைத்திருந்தாலும் திரியில் பொறி படாதவரை அது வெறும் சுருள்தான். மரபணுவும் அப்படியே. மரபணுவுக்கு அருகில், சில சமயம் தொலைவிலும், டி.என்.ஏ.யில் சில சிறு பகுதிகள் உள்ளன. இவை புரதத்தைக் குறிக்கும் எழுத்துகள் அல்ல, திரியைப் போன்றவை. இவற்றுள் மரபணுவின் வேகத்தைக் கூட்டும் பகுதிக்கு 'ஊக்கிப் பகுதி' என்று பெயர். குறிப்பிட்ட சில புரதங்கள் வந்து ஊக்கிப் பகுதியின்மேல் அமர்ந்தால்தான் மரபணு வேலை செய்யத் தொடங்கும். இந்தப் புரதங்களைக் கட்டுப்பாட்டுப் புரதங்கள் எனலாம்.

கல்லீரல் செல்லில் இத்தகைய புரதங்கள் சில மிகுதியாக உள்ளன. சி.இ.பி.பி. என்பது ஒரு குடும்பம், எச்.என்.எப். என்பது மற்றொரு கூட்டம். இவை கூடி அமர்வதாலேயே கல்லீரல் கல்லீரலாக இருக்கிறது. தோல் செல்லில் மருந்து இருக்கிறது. பொறி வைக்கும் இந்தக் கைகள் சேர்ந்து இல்லை.

ஓர் இடத்தில் இந்த உவமை பொருந்தாது. பட்டாசு ஒரு முறை வெடித்தால் தீர்ந்தது. மரபணுவோ எத்தனை முறை வேண்டுமானாலும் படிக்கப்படும், நிறுத்தப்படும், மீண்டும் தொடங்கும். சாப்பிட்டபின் சில மரபணுக்கள் வேகம் எடுக்கின்றன. பட்டினியில் வேறு சில எடுக்கின்றன.

திரியைத் திருடும் வைரஸ்

பி வைரஸின் டி.என்.ஏ. மிகச் சிறியது. ஏறத்தாழ 3,200 எழுத்துகளே அதில் உள்ளன. மனித டி.என்.ஏ.யிலோ 300 கோடிக்கு மேல். இவ்வளவு சிறிய வைரஸ் எப்படி இவ்வளவு பெரிய உறுப்பை ஆட்டிப் படைக்கிறது?

முதலில் அது கல்லீரல் செல்லுக்குள் நுழையவேண்டும். பித்த உப்புகளை உள்ளே இழுக்கும் ஒரு புரதம் கல்லீரல் செல்லின் மேல் இருக்கிறது. அதையே வைரஸ் கதவாகப் பயன்படுத்துகிறது என்பதைச் சீனாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2012இல் கண்டுபிடித்தார்கள். உள்ளே சென்றபின் வைரஸின் டி.என்.ஏ. உட்கருவில் ஒரு மூடிய வளையமாகி நிலைத்துவிடுகிறது. அந்த வளையத்திலும் ஊக்கிப் பகுதிகள் இருக்கின்றன. அவை கல்லீரலின் சொந்தக் கட்டுப்பாட்டுப் புரதங்களுக்கு ஏற்றபடி அமைந்தவை! ஆல்புமின் மரபணுவுக்குப் பொறி வைக்கும் அதே கைகள், ஏமாந்து, வைரஸின் திரிக்கும் பொறி வைக்கின்றன. பி வைரஸ் கல்லீரலில் மட்டும் தழைப்பதற்குக் கதவு ஒரு காரணம். இந்தத் திரி மற்றொரு காரணம்.

இப்போது கீழாநெல்லிக்கு வருவோம். நியூயார்க்கில் உள்ள ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் தியாகராஜனோடு சேர்ந்து, வளர்ப்புத் தட்டில் வாழும் கல்லீரல் செல்களில் கீழாநெல்லிச் சாற்றைச் சோதித்தார்கள். வைரஸ் மரபணுக்களிலிருந்து வரும் செய்தி ஆர்.என்.ஏ. குறைவதை 1996இல் வெளியிட்டார்கள். 1997இல் ஒரு படி மேலே சென்றார்கள். வைரஸின் முதலாம் ஊக்கிப் பகுதியில் சி.இ.பி.பி. ஆல்பா, பீட்டா என்ற புரதங்களும், எச்.என்.எப். கூட்டத்தின் இரு புரதங்களும் வந்து அமர்வதைக் கண்டார்கள். கீழாநெல்லிச் சாறு சேர்த்தபோது சி.இ.பி.பி. புரதங்கள் அமர்வது தடைப்பட்டது, எச்.என்.எப். புரதங்கள் வழக்கம்போல் அமர்ந்தன. வைரஸின் திரிகளில் ஒன்றை மட்டும் சாறு நனைத்துவிட்டது என்று சொல்லலாம்.

அப்படியானால் மனிதரில் ஏன் பலிக்கவில்லை? சில காரணங்களை நாமே யோசிக்கலாம். தட்டில் உள்ள செல்லின்மேல் சாறு நேரே விழுகிறது. வாயால் உண்டது செரிமானத்தில் மாறி, கல்லீரலில் உருமாறி, எவ்வளவு உள்ளே சேரும்? இரண்டாவதாக, திரியை நனைத்தாலும் உட்கருவில் உள்ள வளையம் அழிவதில்லை. இன்று நல்ல முறையில் பயன்படும் டெனோபோவிர், என்டெகாவிர் போன்ற மருந்துகளும் வைரஸ் பெருகுவதை அடக்குகின்றனவே தவிர, அந்த வளையத்தை ஒழிப்பதில்லை. அதனால்தான் பலர் நீண்ட காலம் மருந்து உண்ண வேண்டியிருக்கிறது.

மூன்றாவது காரணம் நம்மை எச்சரிக்கிறது. சி.இ.பி.பி. ஆல்பா இல்லாமல் பிறக்கும்படி செய்யப்பட்ட சுண்டெலிகளைப் பற்றி 1995இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அக்குட்டிகள் பிறந்த சில மணி நேரத்தில் இறந்தன. அவற்றின் கல்லீரலில் கிளைக்கோஜன் சேமிப்பு இல்லை. இரத்தச் சர்க்கரை கீழே விழுந்துவிட்டது. வைரஸ் திருடிப் பயன்படுத்தும் கை நம் உயிருக்கும் தேவையான கை. அதை முழுவதும் வெட்டிவிட முடியாது. கையை விட்டுவிட்டு வைரஸின் திரியை மட்டும் நனைக்கும் வழியைத்தான் விஞ்ஞானிகள் இன்றும் தேடுகிறார்கள். வைரஸின் செய்தி ஆர்.என்.ஏ.யை மட்டும் குறிபார்த்து அழிக்கும் மருந்துகள் மனிதரில் சோதிக்கப்பட்டு வருகின்றன.

நாம் செய்ய வேண்டியது

நோயை வெல்ல இன்னும் வழி தேடும் வேளையில், அதை வரவிடாமல் தடுக்கும் வழி கைவசம் இருக்கிறது. பி தடுப்பூசி 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 1986 முதல் ஈஸ்ட் செல்களில் மேலுறைப் புரதத்தைத் தயாரித்துத் தடுப்பூசி செய்கிறார்கள். ஹைதராபாத் நிறுவனம் ஒன்று 1997இல் இந்தியாவிலேயே தயாரித்ததும் விலை பெரிதும் குறைந்தது. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போடவேண்டும். பிறகு 6, 10, 14ஆம் வாரங்களில் ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியில் இது அடங்கியிருக்கிறது. அந்தக் கூட்டு ஊசியை இந்தியாவில் முதன்முதலாக 2011 டிசம்பரில் தொடங்கிய மாநிலங்கள் தமிழ்நாடும் கேரளமும். முதல் நாள் ஊசிக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்பது இப்போது உங்களுக்கு விளங்கும். பிறந்தவுடன் தொற்றினால்தானே பத்தில் ஒன்பது பேருக்கு வைரஸ் நிலைத்துவிடுகிறது?

விருதுநகரில் 2022 ஜனவரி முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. யாருக்கேனும் காமாலை கண்டால் முதலில் மருத்துவரிடம் காட்டி, எந்த வகை என்று இரத்தச் சோதனை செய்துகொள்ள வேண்டும். உறக்கக் கலக்கம், பிதற்றல், ஓயாத வாந்தி, இரத்தக் கசிவு இவற்றுள் எது தோன்றினாலும் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. அம்மாச்சியின் அன்பை நாம் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. அவர் கைமருந்து கொடுத்தால் அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஆனால் அந்த மருந்துக்காகக் காத்திருந்து மருத்துவமனைக்குப் போகும் நாளைத் தள்ளிப்போட வேண்டாம்.

பி தொற்று உள்ளவரோடு ஒரே தட்டில் உண்பதாலோ, கைகுலுக்குவதாலோ, பக்கத்தில் உட்காருவதாலோ அது பரவாது. வகுப்பில் அப்படி ஒருவர் இருந்தால் அவரை ஒதுக்குவது அறியாமை. கொதிக்கவைக்காத ஊசி, ஒருவர் பயன்படுத்திய சவர பிளேடு, திருவிழாக் கடைகளில் ஒரே ஊசியால் பலருக்குப் பச்சை குத்துவது ஆகியவற்றுக்கே அஞ்ச வேண்டும்.

செய்து பாருங்கள்

1. மழைக்குப்பின் ஒரு கீழாநெல்லிச் செடியை வேரோடு எடுங்கள். அதைப் போலவே தோன்றும் வேறு செடிகளையும் தேடி எடுங்கள். காய்களின் காம்பு, காயின் மேற்பரப்பு, இலை நுனி ஆகியவற்றைக் கைலென்ஸ் கொண்டு ஒப்பிட்டுப் பட்டியல் எழுதுங்கள். பழைய செய்தித்தாளில் வைத்து அழுத்தி உலர்த்தி, இடமும் நாளும் குறித்துப் பள்ளியில் சேர்த்து வையுங்கள். எதையும் வாயில் போட வேண்டாம்.

2. பத்து மாணவர்கள் ஆளுக்கொரு முறை நாணயத்தைச் சுண்டுங்கள். தலை விழுந்தால் 'குணமானவர்'. முதல் ஐவரை மருந்துக் குழு என்றும், மற்ற ஐவரை வெற்று மருந்துக் குழு என்றும் கொள்ளுங்கள். இரு குழுக்களிலும் குணமானவர் எத்தனை? இதைப் பத்துத் தடவை செய்யுங்கள். எந்த மருந்தும் இல்லாமலே ஒரு குழு மற்றதைவிட வெகுவாக முந்தியது எத்தனை தடவை? பிறகு குழுவுக்கு நாற்பது சுண்டல்கள் என்று மாற்றிச் செய்து, வேறுபாடு எப்படிச் சுருங்குகிறது என்று பாருங்கள்.

3. வீட்டில் உங்கள் தடுப்பூசி அட்டையைத் தேடுங்கள். பிறந்த நாளன்று பி தடுப்பூசி போடப்பட்டிருக்கிறதா? இல்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

சிந்தித்து விடை எழுதுங்கள்

அ. காமாலை தானே குணமாகும் நோயாளிகள் நூறு பேருக்கு ஒருவர் வெறும் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால், ஊரில் அவருக்கு என்ன பெயர் கிடைக்கும்?

ஆ. 1988 ஆய்வில் இரு குழுக்களில் கணக்கிடப்பட்டோர் 37 பேரும் 23 பேரும் ஆவர். ஒரு பரிசோதனையில் சிலர் இடையில் வராமல் நின்றுவிட்டால் முடிவு எப்படியெல்லாம் மாறக்கூடும்?

இ. வளர்ப்புத் தட்டில் பலித்த ஒரு மருந்தை மனிதருக்குக் கொடுக்குமுன் இன்னும் என்னென்ன சோதிக்க வேண்டும்?

அம்மாச்சி பல தலைமுறை அனுபவத்திலிருந்து ஒரு செடியைக் காட்டினார். அறிஞர்கள் அதை மதித்து எடுத்துச் சென்று சோதித்தார்கள். விரும்பிய விடை கிடைக்காதபோதும் அதை மறைக்காமல் எழுதினார்கள். அந்தத் தேடலில் கல்லீரலின் திரிகளைப் பற்றியும் புதிதாகச் சில கற்றார்கள். அடுத்த மழைக்கு வரப்போரத்தில் அந்தச் செடியைக் காணும்போது, நின்று ஒரு கிளையைத் திருப்பிப் பாருங்கள்.